அப்பாவும் மகளும் சொன்ன ‘ஒன் த வே’

என் அன்பான ‘என்னங்க’வுக்கு,

பேர் சொல்லி எழுத இப்போதும் கை வரவில்லை. நீங்கள் அங்கே நன்றாகத்தான் இருப்பீர்கள். நேரத்துக்குக் கிளம்பச் சொல்லி நச்சரிக்க அங்கே ஆள் இல்லை. இங்கே உங்கள் மகளிடம் மாட்டிக்கொண்டு முழிப்பது நான்.

போன வாரம் ஷாமினி மலை ஏறப் போனாள். ஆஸ்திரியாவில் அவளோடு படிக்கிற இரண்டு பேர் கூட. ஒருத்தி லேனா, அந்த ஊர்ப் பெண். இன்னொருவன் தினேஷ், நம் ஈப்போ பையன். மலை என்றதும் நான் நம் கெந்திங் மலை மாதிரி நினைத்துவிட்டேன். உச்சி வரை கார் போகும், இறங்கினால் சாப்பாட்டுக் கடை இருக்கும், அவ்வளவுதானே? அவள் அனுப்பிய படத்தைப் பார்த்தால் மேகம் காலுக்குக் கீழே கிடக்கிறது. பாதை என்று அவர்கள் சொல்வது வெறும் கல். நம் பிள்ளை பிரிக்ஃபீல்ட்ஸில் மோனோரயில் படி ஏறவே மூச்சு வாங்குகிறவள். சொன்னால் கேட்கிறாளா?

சனிக்கிழமை ஏறி, மேலே ஒரு மர விடுதியில் தங்கினார்கள். ஞாயிறு விடிந்ததும் லேனா முதலில் இறங்கி, காரை மலையின் மறுபக்கம் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். மற்ற இருவரும் பசியாறிவிட்டு அந்தப் பக்கப் பாதையில் இறங்க வேண்டும். நல்ல ஏற்பாடுதான். அதில் உங்கள் ரத்தம் ஒன்று இல்லாமல் இருந்திருந்தால்.

அன்று நான் கிள்ளானில் உங்கள் தங்கை ராணி வீட்டில் இருந்தேன். சாப்பிட்டு முடித்து டீ குடிக்கும்போது மெசேஜ் வந்தது. ‘அம்மா, ஒன் த வே டவுன்.’ வழியில் இறங்கிக்கொண்டிருக்கிறார்களாம். லேனாவுக்கும் அதையே அனுப்பியிருக்கிறாள்.

‘ஒன் த வே’யை உங்களைப் போல யாரும் பாடாய்ப் படுத்தியதில்லை. துண்டைக் கட்டிக்கொண்டு குளியலறை வாசலில் நின்று, “ஒன் த வே லா பாஸ், ரோட்டுல வண்டி ஜேம்” என்பீர்கள். பின்னால் குழாயில் தண்ணீர் ஓடும். என் தம்பி நிச்சயதார்த்தத்துக்கு “பங்சார் தாண்டிட்டோம்” என்று நீங்கள் சொன்னபோது நான் உங்கள் வேட்டியை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். நம் ஆட்களுக்குள் இது பொய்யில் சேராது. சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து இலை போட்டால் போதும் என்று அர்த்தம். ஆனால் லேனாவுக்கு அது எப்படித் தெரியும்?

டீக் கோப்பையைக் கழுவி வைத்து வெகு நேரம் ஆன பிறகு அந்தப் பெண் என்னைக் கூப்பிட்டாள். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று ஷாமினி என் நம்பரைக் கொடுத்து வைத்திருந்தாளாம். மேலே மழை பிடித்துவிட்டது, பாதை வழுக்கும், இருவர் போனுக்கும் லைன் கிடைக்கவில்லை, விடுதியிலும் யாரும் எடுக்கவில்லை என்றாள். கிளம்பிவிட்டோம் என்று சொன்னவர்கள் இந்நேரம் கீழே வந்திருக்க வேண்டும், வழியில் என்னவோ ஆகியிருக்கிறது என்றாள். “உங்களுக்கும் ஒன் த வேன்னுதான் சொன்னாளா ஆன்டி?” என்று அவள் ஆங்கிலத்தில் கேட்டாள். மீட்புக் குழுவைக் கூப்பிடட்டுமா என்றும் கேட்டாள்.

ராணி என் முழங்கையைப் பிடித்து உலுக்கினாள். “அண்ணி, சொல்லுங்க. அது நம்ம வீட்டு ஒன் த வே. இன்னும் பல்லுகூட விளக்கியிருக்க மாட்டா.”

சொல்லியிருக்கலாம். ஒரே வாக்கியம். ஆனால் நான் உட்கார்ந்திருந்தது எந்த நாற்காலி தெரியுமா? நீங்கள் என்னைக் கூட்டிப்போக வருவதாக மெசேஜ் அனுப்பிய அன்று உட்கார்ந்திருந்த அதே நாற்காலி. அன்றும் ‘ஒன் த வே’. நானும் ராணியும் சிரித்தோம். “அண்ணன் இன்னும் சட்டையே போட்டிருக்காது” என்று அவள் இன்னொரு டீ ஊற்றினாள். நீங்களோ நம் ஃபிளாட்டுக்குக் கீழே காரில் இருந்தீர்கள். பெல்ட் போட்டிருந்தீர்கள், எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. காவல்காரர் வந்து கண்ணாடியைத் தட்டித் தட்டிப் பார்த்தும் நீங்கள் கண் திறக்கவில்லையாம்.

வாழ்நாள் முழுக்க ஊரையே ஏய்த்துவிட்டு, அந்த ஒரு நாள் மட்டும் எதற்கு உண்மையாகவே கிளம்பித் தொலைத்தீர்கள்? நாங்கள் சிரித்தது எங்கள் தப்பா? எனக்கு உங்கள் மேல் இருக்கிற கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறும் என்று எல்லோரும் சொன்னார்கள்.

“தேடச் சொல்லும்மா” என்றேன் லேனாவிடம். “தயவுசெஞ்சு தேடச் சொல்லு.”

அதற்குப் பிறகு ராணி சாமி அறைக்குள் போய் உட்கார்ந்தாள். நான் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உங்களைத் திட்டினேன். பிறகு உங்களிடமே வேண்டிக்கொண்டேன். வேறு யாரிடம் போவேன்?

விளக்கு வைத்த பிறகு ஷாமினி கூப்பிட்டாள். அழுகையும் கோபமுமாக.

“அம்மா, மழை விட்டதும் போலாம்னு அடுப்புப் பக்கத்துல உட்கார்ந்திருந்தோம். திடீர்னு நாலு பேர் கயிறு, ஹெல்மெட் எல்லாம் மாட்டிக்கிட்டு நனைஞ்சு வந்து நிக்கிறாங்க. பாதை முழுக்க எங்க பேரைக் கத்திக்கிட்டே ஏறியிருக்காங்கம்மா.”

“நீ என்ன பண்ணிக்கிட்டிருந்த?”

“ரொட்டியில மிளகாய்ச் சம்பல் தடவிச் சாப்பிட்டுக்கிட்டு.”

“மெசேஜ் போட்டப்போ?”

“தூங்கி எழுந்தேன். வெளிய விறகு அடுக்கியிருக்கிற இடத்துலதான் லைன் கிடைக்கும். அங்க நின்னு அனுப்பிட்டு உள்ள வந்துட்டேன்.”

தினேஷ் வேறு, வந்தவர்களுக்கு மரியாதை செய்கிறேன் என்று சம்பலை நீட்டியிருக்கிறான். வாங்கிச் சாப்பிட்ட ஒருவருக்கு இருமி இருமிக் கண்ணெல்லாம் சிவந்துவிட்டதாம். கீழே காத்திருந்த லேனா, இவர்கள் இறங்கி வந்த பிறகும் ஒரு வார்த்தை பேசவில்லையாம். அது நியாயம்தான்.

“மானமே போச்சும்மா. உங்களுக்குத் தெரியும்தானே ஒன் த வேன்னா என்னன்னு? ஏன் லேனாகிட்ட சொல்லல?”

“உங்கப்பாவும் கடைசியா அதத்தான் அனுப்பினாரு” என்றேன்.

அவளுக்கு அது தெரியாது. சாவுக்கு ஓடி வந்தவளிடம் காரில் இருந்தீர்கள் என்று மட்டும்தான் சொல்லியிருந்தோம். இப்போது எல்லாவற்றையும் சொன்னேன், டீ, சிரிப்பு, கண்ணாடியைத் தட்டியது எல்லாம். அவள் சின்னக் குரலில், “இனிமே சொல்ல மாட்டேம்மா” என்றாள்.

இப்போது என்ன கூத்து தெரியுமா? ‘அம்மா, இன்னும் எழுந்திருக்கல.’ ‘அம்மா, செருப்பைத் தேடிக்கிட்டிருக்கேன்.’ ‘அம்மா, கதவைப் பூட்டிட்டேன், இப்ப நிஜமாவே கிளம்பிட்டேன்.’ ஓயாமல் மெசேஜ். வேலை செய்ய விடுவதில்லை. சலிப்பாக இருக்கிறது. ஒன்றைக்கூட நான் அழிக்கவில்லை.

நீங்கள் அங்கே எனக்காகக் காத்திருப்பதாக ராணி சொல்கிறாள். காத்திருங்கள். கல்யாண மண்டப வாசல்களில் உங்களுக்காக நான் நின்ற நேரத்தையெல்லாம் சேர்த்து வைத்து நில்லுங்கள். நான் இன்னும் குளிக்கக்கூட இல்லை. பிள்ளை படிப்பை முடித்து ஊர் திரும்பி, அவளுக்கு ஒரு வழி பிறந்த பிறகுதான் மற்றதெல்லாம். ஆனால் ஒன்று உறுதி. நான் ‘ஒன் த வே’ என்று சொல்லும் நாளில் உண்மையாகவே வழியில் இருப்பேன். அன்றைக்கு நீங்கள் சிரிக்காமல் வாசலுக்கு வந்து நிற்க வேண்டும்.

இன்னும் கிளம்பாத,
உங்கள் ஷாமினியின் அம்மா