மூன்றாம் முறை திறக்காத கேமரா

மார்ச் 3, செவ்வாய்

ஆன்லைன் ஏலத்தில் எடுத்த கேமரா வந்துவிட்டது. "வேலை செய்யாது, உதிரிப் பாகத்துக்கு மட்டும்" என்று போட்டிருந்தார்கள். கலங்கலாக மூன்றே படம். கடைசி எட்டு நொடியில் எவனோ ஒருத்தன் விலையை ஏற்றப் பார்த்தான், விட்டேனா நான்! பகலெல்லாம் லேபில் ஊரார் வாய்க்குப் பல்செட் செய்கிறவளுக்கு, வீட்டுக்கு வந்தால் இந்த அறுபது வயசுக் கிழங்கள்தான் பொழுதுபோக்கு.

பிரித்த கையோடு மேல்மூடியைக் கழற்றினேன். உள்பக்கம் ஒரு குட்டிப் பல் கீறியிருந்தது. பக்கத்தில் தேதி.

அது என் கை. மெழுகு செதுக்குகிற ஊசியால், திறக்கிற ஒவ்வொரு கேமராவுக்குள்ளும் ஒரு பல்லும் தேதியும் கீறுவது என் கிறுக்குத்தனம். இதில் மூன்று தேதிகள். போன வருஷம் ஜனவரி. போன ஜூன் 14. செப்டம்பர் 2.

அண்ணனுக்கு நான் கொடுத்த கேமரா!

வித்துட்டான். நான் ஆசையா குடுத்ததை ஏலத்துல விட்டிருக்கான். அதை நானே போட்டி போட்டு வாங்கியிருக்கேன். என்னைவிடப் பெரிய முட்டாள் இருக்க முடியுமா?

அதே நாள், சாப்பிட்டபின்

இன்னும் ஆறவில்லை.

அண்ணன் டவுன் பஸ் டிரைவர். இருபத்திரண்டு வருஷமாக அதே ரூட். லீவு நாளில் படம் எடுக்கிற ஆசை உண்டென்று, நாலு மாசம் உட்கார்ந்து இதைச் சரிசெய்து கொடுத்தேன். சில மாசத்திலேயே புகார் ஆரம்பித்தது. இந்த வகைக் கேமராவில் பின்பக்கம் இருக்கிற குட்டி ஜன்னலில் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்க்க வேண்டும். நடுவில் மஞ்சளாக ஒரு கட்டம், அதற்குள் எல்லாம் இரட்டையாகத் தெரியும். லென்ஸைத் திருகினால் இரண்டும் ஒன்றாகச் சேரும். சேர்ந்தால் ஃபோகஸ். அவனுக்குச் சேரவில்லையாம், கட்டமே மங்கலாம். ஜூனில் துடைத்துக் கொடுத்தேன். செப்டம்பரில் உள்ளே இருந்த கண்ணாடியையே மாற்றினேன். நவம்பரில் மறுபடி வந்து நின்றான். வெளியிலிருந்தே சோதித்துப் பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. எரிச்சல் தலைக்கேறிவிட்டது. திறக்கவே இல்லை. ஒரு வாரம் டிராயரில் போட்டுவிட்டு எடுத்து நீட்டினேன்.

"சரி பண்ணிட்டேன். இனிமேலாவது கண்ணைத் தொறந்து பாரு."

"இப்ப சூப்பரா இருக்கு பல்லு." அப்படித்தான் கூப்பிடுவான் என்னை.

ரிப்பேர் வேலை செய்கிற எல்லோரும் என்றைக்காவது செய்கிற திருட்டு இது. பத்தில் ஒன்பது பேர் "இப்ப நல்லா இருக்கு" என்று வாங்கிக்கொண்டு போவார்கள். அவனும் போனான். போய் விற்றுவிட்டான்.

மார்ச் 4, புதன்

காலையில் மாடிக்குப் போய்க் கேமராவைத் தண்ணீர்த் தொட்டிக்கு நேராகப் பிடித்தேன். மஞ்சள் கட்டம் பளிச்சென்று இருக்கிறது. இரண்டு தொட்டியும் முடி அளவு பிசகாமல் ஒன்றாகச் சேருகின்றன. அப்புறம் என்ன கேடு இதற்கு?

அனுப்பியவர் முகவரி அண்ணன் மகளின் ஆபீஸ். நேற்று கவனிக்கவில்லை. போன் போட்டேன்.

"ஐயையோ, நீங்களா அத்தை வாங்குனீங்க?" என்று பதறினாள். "அப்பாதான் விக்கச் சொன்னாரு. இதுல பார்த்தா கதவு நிலையெல்லாம் வளைஞ்சு தெரியுதாம். அத்தைகிட்ட மட்டும் சொல்லிடாத, பாவம் எவ்ளோ மெனக்கெட்டான்னாரு."

வளைஞ்சா?

உள்ளே இருப்பது தட்டைக் கண்ணாடி. மங்கும், கீறல் விழும், உடையும். கோட்டை வளைக்காது. நான் பார்த்தால் நேராகத்தான் தெரிகிறது. அப்படியென்றால் —

வேண்டாம். எழுத மாட்டேன்.

மார்ச் 5, வியாழன்

எழுதித்தான் ஆக வேண்டும்.

அண்ணனுக்கு இன்று ஓய்வு நாள். கேமராவைக் கையில் கொடுத்ததும் திருடன் மாதிரி முழித்தான். திட்டப்போகிறேன் என்று நினைத்திருப்பான். "திட்ட வரல. எதிர்வீட்டு கேட்டைப் பாரு," என்றேன். வழக்கம்போல வலது கண்ணில் வைத்தான். வளையுது என்றான். "இடது கண்ணுல வை."

வைத்தான். ரொம்ப நேரம் எடுக்கவே இல்லை.

"என்ன அண்ணா?"

"நேரா இருக்கு."

மறுபடி வலது கண். நடுவில் கேட்டே இல்லையாம், ஓரம் மட்டும் தெரிகிறதாம். எப்போதிலிருந்து என்று கேட்டேன். ரெண்டு கண்ணும் திறந்திருந்தால் வித்தியாசம் ஒன்றும் தெரியாது, கேமராவில்தான் அப்படி என்று நினைத்தானாம். ஆனால் டிசம்பரில் டிரைவர்களுக்குக் கண் பரிசோதனை வந்தபோது கண்மேலேயே சந்தேகம் வந்திருக்கிறது. அப்போது என்ன செய்தான் தெரியுமா? வரிசையில் முன்னால் நின்றவர் படித்த எழுத்துகளை மனப்பாடம் செய்து ஒப்பித்துவிட்டு வந்திருக்கிறான்!

"அறிவிருக்கா உனக்கு? பஸ்ஸுல எத்தனை உசுரு!" கத்திவிட்டேன். அண்ணி அடுக்களையிலிருந்து ஓடி வந்தார். அவருக்கும் தெரியாது.

மார்ச் 6, வெள்ளி

லேபில் மூன்று பல் அச்சு உடைத்தேன். நாளைக்கு ஆஸ்பத்திரி.

மார்ச் 7, சனி

வலது கண் போய்விட்டது. முழுக்க இல்லை, நடுப்பார்வை. விழித்திரையில் ரத்தம் கசிந்து தழும்பாகிவிட்டதாம். இடது கண்ணிலும் கசிவு ஆரம்பித்திருக்கிறது. அதைக் காப்பாற்ற இன்றைக்கே முதல் ஊசி போட்டார்கள்.

டாக்டர் கேட்டார்: "மங்கலா இருக்குன்னு முதல்ல எப்ப தோணுச்சு?"

அண்ணன் யோசித்தான். நான் சொன்னேன், "ஜூன் பதினாலு."

தேதி இவ்வளவு துல்லியமாக எப்படி என்று டாக்டர் ஆச்சரியப்பட்டார். அப்போதே வந்திருந்தால் வலது கண்ணுக்கும் ஊசி போட்டிருக்கலாம் என்றார். நவம்பரில் வந்திருந்தால் என்று கேட்டதற்கு, அப்போதுகூட என்றார். நவம்பர்! அவன் கண் கெட்டுக்கொண்டிருந்தபோது நான் கேமராவை டிராயரில் வைத்திருந்தேன். கண்ணைத் தொறந்து பாருன்னு வேற சொன்னேன். என் வாயில மண்ணைப் போட.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். திறக்கவே இல்லை, சும்மா வைத்திருந்தேன், பொய் சொன்னேன் என்று அழுதேன். கட்டுப் போட்ட கண்ணோடு என் பக்கம் திரும்பினான்.

"நானும்தான் சூப்பரா இருக்குன்னேன். விடு பல்லு."

எப்படி விடுவது?

இனிமேல் பஸ் ஓட்டக் கூடாது என்று டாக்டர் இரண்டு முறை சொன்னார். தலையாட்டினான்.

மார்ச் 8, ஞாயிறு

அண்ணி காலையில் போன். "கட்டைப் பிரிச்சுட்டு டூட்டிக்குப் போயிட்டாரு. ஊசி போட்ட கண்ணு இன்னும் கலங்கலாத்தான் இருக்கு. தடுத்தேன், கேக்கல."

விழுந்தடித்து ஓடினேன். அவன் பஸ் எத்தனை மணிக்கு எங்கே வரும் என்று எனக்குத் தெரியும். ஏறி அவன் பின்னாலேயே போய் நின்றேன்.

"நீயே நிறுத்துறியா, நான் டிப்போவுல போய் சொல்லட்டுமா?"

"இன்னிக்கு ஒரு நாள். சொல்லாம கொள்ளாம நிக்க முடியாது, புரிஞ்சுக்கோ."

அடுத்த ஸ்டாப்பில் ஒருத்தி இடுப்பில் குழந்தையோடு கையை நீட்டிக்கொண்டு நின்றாள். வேகம் குறையவில்லை. நிற்கும் என்று நம்பி அவள் ரோட்டில் காலை வைத்துவிட்டாள். நான் அலறினேன், கண்டக்டர் விசிலை ஊது ஊதென்று ஊதினார். பிரேக். நின்றவர்கள் அத்தனை பேரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தோம். வெளியே அவள் திட்டுகிற சத்தம். கடவுளே, திட்டுகிறாள். திட்டுகிற அளவுக்கு நன்றாக இருக்கிறாள்.

"எங்கேருந்து வந்தா அவ?" என்றான்.

"அங்கேயேதான் அண்ணா நின்னா."

எஞ்சினை அணைத்தான். சாவியை எடுத்துக் கண்டக்டர் கையில் கொடுத்தான். "டிப்போவுக்கு போன் போடுங்க. வேற டிரைவர் வரட்டும். எனக்குக் கண்ணு தெரியல."

பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னான்.

மார்ச் 19, வியாழன்

டிப்போவில் விசாரணை. அண்ணன் எதையும் மறைக்கவில்லையாம், மனப்பாடம் செய்ததைக்கூட. என்னோடு பேசுகிறான். அதுவே எனக்குத் தாங்கவில்லை.

ஏப்ரல் 25, சனி

இரண்டாவது ஊசியும் ஆயிற்று. இடது கண்ணில் கசிவு நின்றிருக்கிறது. "இப்போதைக்கு" என்று டாக்டர் சேர்த்துக்கொண்டார். அடுத்த மாதத்திலிருந்து டிப்போவில் மைக் பிடித்துப் பஸ் நேரம் அறிவிக்கிற வேலை தருகிறார்களாம், சம்பளம் குறைச்சல். அதுவரை சும்மா இருக்க முடியாமல் என் அறையில் உட்கார்ந்து, நான் சரிசெய்து விற்கிற கேமராக்களைப் பெட்டி கட்டுகிறான். டேப்பைப் பல்லால் கடித்துக் கிழிக்காதே என்றால் கேட்பதில்லை.

இன்று மத்தியானம் போன். போன வாரம் என்னிடம் வாங்கிய ஒருவர். கட்டத்துக்குள் உருவம் சேரவில்லை, திருப்பி அனுப்பட்டுமா என்று கேட்டிருக்கிறார். என் கையெல்லாம் எண்ணெய், அதனால் அண்ணன்தான் எடுத்தான்.

"கேமராவை விடுங்க. முதல்ல ஒரு கண்ணை மூடிக்கிட்டு ஜன்னல் கம்பியைப் பாருங்க சார். ஆங். இப்ப அடுத்த கண்ணு. எல்லாம் நேரா இருக்கா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க, அவசரமே இல்ல."

திருப்புளியைக் கீழே வைத்துவிட்டேன்.

அண்ணன் கேட்டுக்கொண்டே இருந்தான். பிறகு பெரிதாகச் சிரித்தான்.

"அப்ப உங்க கண்ணு நல்லாருக்கு சார். எங்க ஆளுதான் ஒழுங்கா வேலை பாக்கல. அனுப்பி வைங்க."

என் வேலை சரியில்லை என்று ஒருத்தர் சொல்லி நான் சந்தோஷத்தில் அழுதது இதுதான் முதல் தடவை.