மழை வந்தால் வண்டி பிடிக்குது

அக். 4, திங்கள்

விடியும்போதே மழை. துணியெல்லாம் வீட்டுக்குள்ள கொடியில. ஈர வாடை.

வேன் இன்னைக்கும் பிடிச்சிருக்கு. மலர் வேலைக்குப் போறப்ப கிரீன் லேன் சிக்னல்ல நின்னு எடுத்தாளாம். எண்ணெய்ப் பெடலை மிதிச்சும் நகரல. "யாரோ பின்னால கயிறு கட்டி இழுக்கிற மாதிரிம்மா"ன்னு சொன்னா. அந்த மஞ்சள் விளக்கும் எரிஞ்சிருக்கு. ஒரு வண்டி வழுக்கிப் போற படம், அடியில ரெண்டு வளைஞ்ச கோடு. கொஞ்ச நேரம் நடுங்கிட்டு தானா விட்டுடுச்சாம்.

இது ஜப்பான்ல ஓடி முடிச்சு இங்க வந்த வேன். பொத்தான்ல எல்லாம் ஜப்பான் எழுத்து. சக்கரம் வழுக்கினா தானே வேகத்தைக் குறைக்கிற மிஷின் உள்ள இருக்குன்னு வித்தவன் சொன்னான். மலரோட அப்பா ஓட்டுன காலத்துல அந்த விளக்கு சாவி போட்டதும் எரியும், உடனே அணைஞ்சிடும். அவ்வளவுதான். அவரை ஆஸ்பத்திரியில இருந்து கொண்டு வந்து காரியம் எல்லாம் முடிச்ச பிறகுதான் இப்படி. அதுவும் மழையில மட்டும்.

பசார் போகல. இருந்த கீரை, ஒரு கருவாடு. சாப்பிட்டேனான்னு ஞாபகம் இல்ல. தட்டு கழுவி இருக்கு, அப்ப சாப்பிட்டிருப்பேன்.

அக். 5, செவ்வாய்

மழை விட்டு விட்டு.

கொழுந்தன் சேகரும் அவன் பெண்சாதி புஷ்பாவும் வந்தாங்க. புஷ்பா ஒரு டப்பா நிறைய முறுக்கு. இந்த வருசம் நமக்குத் தீபாவளி இல்லன்னு தெரிஞ்சும் சுட்டிருக்கா. கை சும்மா இருக்காது அவளுக்கு.

சேகர் உக்காரும்போதே ஆரம்பிச்சான். "அண்ணி, அந்த வேனை வித்துடுங்க. பட்டர்வொர்த்ல ஒருத்தன் கேக்கறான். மலருக்குச் சின்னக் காடியா பாத்துக்கலாம்."

புஷ்பா விடல. "நீங்க கொஞ்சம் சும்மா இருங்க. அக்கா, நான் சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க. மூத்தவரு இன்னும் அந்த வண்டிய விட்டு இறங்கல. மழை ரோட்டுல பிள்ளை வேகமா போகக் கூடாதுன்னு பிடிக்கிறாரு. அவரு உக்காந்திருக்கிற வண்டிய விக்கிறதா?"

"ஆமா, செத்தும் பிரேக் போடறாரு எங்கண்ணன்"னான் சேகர். சொல்லிட்டு அவனே தலையைக் குனிஞ்சுக்கிட்டான்.

 புஷ்பா சொன்னதைக் கேட்டப்ப நெஞ்சுக்குள்ள சூடா என்னமோ இறங்குச்சு. அவர் ஓட்டுனா சைக்கிள்காரன் முந்திப் போவான். மலர் ஓட்டப் பழகினப்ப பக்கத்துல உக்காந்து கை பிரேக்கை விடவே மாட்டார். பிடிக்கிற ஆள்தான் அவர்.

அவங்க போன பிறகு காக்காய்க்குச் சோறு வைச்சேன். பதினாறாம் நாளோட நிறுத்திடலாம்னு எல்லாரும் சொன்னாங்க. நான் நிறுத்தல. இந்த வீட்டுக்கு முன்னால மதில் இல்ல, கூரைக்கு ஏற முடியாது. அதனால வேன் மூக்கு மேல வாழையிலை. கண்ணாடி துடைக்கிற கம்பிக்குப் பக்கத்துல, அவர் சீட்டுக்கு நேரா. காக்கா கூட்டமா வரும். இன்னைக்கு மழையில ஒண்ணும் வரல. சோறு நனைஞ்சு கண்ணாடிக்கு அடியில இருக்கிற ஓட்டைக்குள்ள வழிஞ்சு போச்சு. தோண்டி எடுக்கப் பார்த்தேன். விரல் போகல. விட்டுட்டேன்.

அக். 7, வியாழன்

நல்ல வெயில். மலர் இன்னைக்கு ராத்திரி ஷிப்ட், பகல்ல தூங்கினா.

வீட்டுல உக்கார முடியல. எழுந்தேன், சமையல்கட்டு, திரும்பி ஹால், திரும்பிச் சமையல்கட்டு. எதுக்கு வந்தேன்னு தெரியாம நின்னேன். அப்புறம் சாவி எடுத்துப் போய் வேன்ல உக்காந்தேன். அவர் சீட்டுல இல்ல, பக்கத்து சீட்டுல. என் இடம் அதுதான்.

அவர் முகம் துடைக்கிற துண்டு இன்னும் கதவு ஓரத்துல. தைல வாடை.

சாவி போட்டேன். விளக்கு எரிஞ்சுது, அணைஞ்சுது. வெயில்ல பிடிக்க மாட்டார் போல.

மலர் எழுந்து வந்து கண்ணாடியைத் தட்டினா. "திரும்ப வந்து உக்காந்துட்டீங்களா? வெந்து போயிடுவீங்க, இறங்குங்க."

கூட வேலைக்கு வர்ற மலாய்ப் பொண்ணு ரோஹாயா இனிமே நம்ம வேன்ல வரமாட்டாளாம், கம்பெனி பஸ்ல போறாளாம். புஷ்பா சொன்னதை மலர் அவகிட்ட விளையாட்டாச் சொல்லியிருக்கா. அந்தப் பிள்ளை பயந்துடுச்சு. வண்டியில ஹந்து, பேய் இருக்குன்னு.

"பரவால்லம்மா, எனக்குத் துணைக்குத்தான் ஹந்து இருக்கே"ன்னு மலர் சிரிச்சா. அப்புறம் குளிக்கப் போனவ ரொம்ப நேரம் வெளிய வரல. தண்ணி மட்டும் ஓடிக்கிட்டே இருந்துச்சு.

அக். 9, சனி

புரட்டாசி சனி. மரக்கறிதான்.

வாங்கினது: கத்திரிக்காய், சோயா தவ்வுக் கட்டி, தேங்காய், கற்பூரம். வெத்திலை மறந்துட்டேன்.

மலர் பிடிவாதமா வேனை ஆ செங் ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்துட்டுப் போனா. நானும் ஏறிக்கிட்டேன். ஆ செங் ஜெலுத்தோங்ல கடை வைச்சிருக்கிற சீனன். அவரோட பழைய சிநேகம், காரியத்துக்கும் வந்தான். தமிழ் நல்லாவே பேசுவான், பாதி மலாய் கலந்து.

வேன் மூக்கைத் தூக்கி டார்ச் அடிச்சான். உள்ள கையை விட்டான். சிரிக்க ஆரம்பிச்சான்.

"அக்கா, இங்க வா. பாரு. தீக்குஸ் லா. எலி. வீடே கட்டிடுச்சு."

பஞ்சு, பேப்பர், வாழையிலை நார். அதுக்குள்ள காஞ்ச சோத்துப் பருக்கை. சக்கரத்துக்குப் போற ஒயரைக் கடிச்சு வைச்சிருக்கு. செப்புக் கம்பி வெளிய தெரியுது.

"யாரு இதுக்கு மக்கான், சோறு குடுத்தது?"ன்னான்.

மலர் என்னைப் பார்த்தா. நான் அவளைப் பார்த்தேன். "காக்காய்க்கு வைச்சேன்"னு சொன்னேன். மலருக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அடக்கப் பார்த்தா, முடியல, கண்ணுல தண்ணி. "அம்மா, அப்பாவுக்குன்னு எலிக்குப் போட்டிருக்கீங்க." எனக்கும் சிரிப்பு வந்துச்சு. ரெண்டு மாசத்துல இதான் முதல்.

ஆ செங் விளக்கினான். ஒவ்வொரு சக்கரத்துலயும் ஒரு ஒயர். சக்கரம் எவ்வளவு வேகமா சுத்துதுன்னு மிஷினுக்குச் சொல்லும். கடிச்ச ஒயர் மழை பட்டா தப்பாச் சொல்லுது. "ஒரு டயர் பொய் சொல்லுது, மிஷின் நம்பிடுது. வழுக்குதுன்னு நினைச்சு இஞ்சினைப் பிடிக்குது."

வெறும் ஒட்டுப் போட்டா நிக்காதாம். பழைய ஜப்பான் வண்டி பிரிக்கிற கடையில தேடணுமாம், சில நாள் ஆகும். அதுவரைக்கும் அந்த மிஷின் பியூஸைப் பிடுங்கிடவா, அப்ப பிடிக்காது, ஆனா மழையில பார்த்துத்தான் பிரேக் போடணும்னான்.

"வேணாம்"னு நான் சொன்னேன். வாயில தானா வந்துச்சு.

"ஏன்கா?"

"இருக்கட்டும். வெயில்ல ஓட்டிக்கிறோம்."

மலர் சிரிப்பை நிறுத்திட்டு என் முகத்தையே பார்த்தா.

அக். 10, ஞாயிறு

மூட்டமா இருந்துச்சு, மழை இல்ல.

சோத்தை வேன்ல வைக்கல. பக்கத்து வீட்டு மதில் மேல வைச்சேன், கேட்டுட்டுத்தான். காக்கா எல்லாம் வேன் மேலயே உக்காந்து கத்துது. மதிலைத் திரும்பிக் கூடப் பார்க்கல. கையைக் காட்டிக் காட்டிக் கூப்பிட்டேன். ரோட்டுல போற பொம்பளை ஒருத்தி நின்னு பார்த்துட்டுப் போனா.

எலி கடிச்சது உண்மை. கண்ணால பார்த்தாச்சு. ஆனா அவர் பிடிக்கிறதும் உண்மையா ஏன் இருக்கக் கூடாது. எலியை அனுப்பினதே அவராக்கூட இருக்கலாம். பேச வாய் இல்லாதவங்க எதை வைச்சுச் சொல்லுவாங்க.

இதை மலர்கிட்ட சொல்லல. சேகர்கிட்ட சொன்னா ஊரெல்லாம் சொல்லுவான்.

கால் வீங்கியிருக்கு. நடந்துக்கிட்டே இருந்தா வீங்காம என்ன செய்யும்.

அக். 12, செவ்வாய்

ஆ செங் போன் பண்ணினான். ஒயர் கிடைச்சிடுச்சாம். வியாழக்கிழமை கொண்டு வரச் சொன்னான்.

வியாழன். அப்புறம் பிடிக்காது.

வானத்தையே பார்த்துக்கிட்டு இருந்தேன். மழை வரணும்னு ஒரு மனசு. பிள்ளை வெளிய இருக்கா, வரக் கூடாதுன்னு ஒரு மனசு. மத்தியானம் இடி மட்டும். மலர் வந்ததும், நாளைக்குப் பகல்ல லீவுதானே, புஷ்பாவோட முறுக்கு டப்பாவைத் திருப்பிக் குடுக்கணும்னு சொன்னேன். சேகர் வீடு ஆயர் ஈத்தாம் மேட்டுல.

"அவங்களே வர்றப்ப எடுத்துட்டுப் போறாங்க."

"வெறும் டப்பாவா குடுக்கிறது? கொஞ்சம் பால்கோவா கிண்டுறேன்."

டப்பாவுக்காக இல்ல. எனக்குத் தெரியும்.

அக். 13, புதன்

 எழுத்து கோணலா வருது.

கிளம்பும்போது மழை இல்ல. மலர் கேட்டா, "மழை வந்தா என்னம்மா?" வராதுன்னு சொன்னேன். ஆயர் ஈத்தாம் பசார் தாண்டும்போது கொட்டு கொட்டுன்னு கொட்டிடுச்சு. "திரும்பிடலாம்"னா. இன்னும் கொஞ்ச தூரம்தானேன்னு நான்தான் சொன்னேன்.

மேடு ஏற ஆரம்பிச்சோம். அந்த வளைவு. விளக்கு எரிஞ்சுது. வேன் பிடிச்சுது.

நான் கண்ணை மூடிக்கிட்டேன். சொல்ல வெக்கமா இருக்கு, ஆனா உண்மை. கண்ணை மூடிக்கிட்டு, பக்கத்துல இருக்கீங்களான்னு மனசுக்குள்ள கேட்டேன். வண்டி பூரா நடுங்குச்சு. அவர் கடைசியில ஆஸ்பத்திரிக் கட்டில்ல நடுங்கின மாதிரி. ஒரு நிமிசம் அவர் கையைப் பிடிச்சிருந்தேன்.

"அம்மா. அம்மா, பின்னால."

கண்ணைத் திறந்தேன். வேன் நிக்கல, பின்னுக்குப் போகுது. பின் கண்ணாடி பூரா ஒரு மண் லோரி. ஹார்ன் விடாம அடிக்கிறான். மலர் காலால பிரேக், ரெண்டு கையாலயும் கை பிரேக். லோரிக்காரன் ஸ்டியரிங்கை ஒடிச்சு எங்களை உரசுற மாதிரி தாண்டிப் போனான். ஜன்னல் வழியா என்னமோ கத்தினான், மலாய்ல, பெத்தவளை இழுத்துக் கெட்ட வார்த்தை.

மலர் கையை எடுக்கவே இல்ல. விரல் எல்லாம் வெள்ளையா. நான் அவ விரலை ஒண்ணொண்ணாப் பிரிச்சேன். சில்லுன்னு இருந்துச்சு. "நகரலம்மா, நான் மிதிக்கிறேன், நகரல"ன்னு அதையே சொல்லிக்கிட்டு இருந்தா. சின்னப் பிள்ளை மாதிரி.

மழை விடற வரைக்கும் ஓரத்துல நின்னோம். பால்கோவாவை ரெண்டு பேரும் கையாலயே எடுத்துத் தின்னோம். ஏன்னு தெரியல. பசிச்சுது.

அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது. அவரா இருந்தா இவளை ஒரு லோரிக்கு முன்னால நிறுத்தி வைக்க மாட்டார். எத்தனை மெதுவாப் போனாலும் நடு மேட்டுல நிறுத்த மாட்டார். மேடுன்னா முன்கூட்டியே கியரைக் குறைச்சு, "ஏறிடும், ஏறிடும்"னு வண்டிகிட்டயே பேசிக்கிட்டு ஏத்திடுவார்.

இது அவர் இல்ல. எலி. நான் போட்ட சோறு.

அக். 14, வியாழன்

மேகம். மழை இல்ல.

காலையிலேயே ஒர்க்‌ஷாப். ஆ செங் கடை திறக்கிறதுக்கு முன்னாலயே நாங்க வாசல்ல. பல் குச்சியோட வந்தான். "அக்கா, என்னா அவசரம்?"

"சீக்கிரம் போடு"ன்னேன்.

மத்தியானத்துக்குள்ள முடிஞ்சுது. தண்ணிக் குழாயை சக்கரத்துல பீய்ச்சி அடிச்சுக் காட்டினான். அப்புறம் அவனே மலரை உக்கார வைச்சு ஒரு சுத்து ஓட்டிட்டு வந்தான். நான் வெளிய நின்னு பார்த்தேன். அந்த எலிக் கூட்டை ஒரு ஓரமா இன்னும் போட்டு வைச்சிருந்தான். நானே விளக்கமாறு வாங்கி, கூட்டிக் குப்பைத் தொட்டியில போட்டேன்.

"கண்ணாடி ஓட்டைக்கு கம்பி வலை அடிச்சுட்டேன்"னான். "ஆனா மக்கான் வைக்காத லா."

வீட்டுக்கு வந்து மலர் தூங்கிட்டா. வேலைக்குப் போகும்போது எழுப்பணும்.  நான் இன்னைக்கு அங்கயும் இங்கயும் நடக்கல. அவர் துண்டை எடுத்து வந்து துவைச்சேன். துவைச்ச பிறகுதான் வாடை போயிடுமேன்னு தோணுச்சு.

அக். 15, வெள்ளி

நல்ல மழை. மலர் ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு மழையிலயே வீட்டுக்கு வந்து சேர்ந்தா. "ஒண்ணும் பண்ணலம்மா, வெண்ணெய் மாதிரி வந்துச்சு"ன்னு சொல்லிட்டுப் படுத்துட்டா.

பத்து மணி போல புஷ்பா வந்தா, பஸ்ல. லோரி விசயம் மலர் போன்ல சொல்லியிருப்பா போல. என் கையைப் பிடிச்சுக்கிட்டா. "நான்தான்கா உங்க மனசைக் கெடுத்துட்டேன். என் வாய்."

"உன் வாய் ஒண்ணும் செய்யல. எனக்கு வேண்டியிருந்துச்சு, பிடிச்சுக்கிட்டேன்."

"இப்ப வண்டி பிடிக்கலையா?"

"இல்ல."

 அப்புறம் மெதுவா, "மூத்தவரு இறங்கிட்டாரா அக்கா?"ன்னு கேட்டா.

"அவர் அதுல ஏறவே இல்ல, புஷ்பா. ஆஸ்பத்திரியிலேயே போயிட்டார். நான் பக்கத்துல இருந்தேன், எனக்குத் தெரியாதா?"

"அப்ப இப்ப எங்க இருக்காரு?"

தெரியலன்னு சொன்னேன்.

அவளுக்குத் தேத்தண்ணி போடலாம்னு பார்த்தா பால் டின் காலி. குடையை எடுத்துக்கிட்டு முனைக்கடைக்கு நடந்தேன். பாதி வழியில அழுகை வந்துடுச்சு, சத்தமா, ரோட்டுலயே. நிறுத்த முடியல. அப்படியே கடைக்குள்ள போனேன்.  கடைக்காரக் கிழவன் நான் எப்பவும் வாங்குற பால் டின்னைத் துடைச்சு என் முன்னால வைச்சுட்டு, நான் அழுது முடிக்கிற வரைக்கும் மழையைப் பார்த்துக்கிட்டு நின்னான்.