நைனா கேட்ட வெயில்

தம்பி,

என் போனில் வானிலை பார்க்கிற இடத்தில் இரண்டு ஊர் இருக்கிறது. ஒன்று திருத்தணி. இன்னொன்று நீ காவலுக்கு நின்ற பனிமலை. கடைசி லீவில் வந்தபோது நீதான் சேர்த்துவிட்டுப் போனாய். இன்று காலை தோசை ஊற்றிக்கொண்டே பார்த்தேன். அங்கே பனி இளகத் தொடங்கிவிட்டதாம். தோசை கருகிவிட்டது.

பங்குனி பிறந்தால் போதும், போனில் பாடம் நடத்துவாய். "குளிர் காலம்கூட பரவால்லக்கா, இப்பதான் பேஜாரு. ராத்திரி வானம் தெளிவா இருந்தா பனி இறுகி கல்லாட்டம் நிக்கும், விடியறதுக்குள்ள கடந்துடலாம். வெயில் ஏறிச்சின்னா உள்ள தண்ணி எறங்கும். மொத்த அடுக்கும் பேத்துக்கினு வந்துடும்." வெயிலுக்குப் பயப்படும் பட்டாளத்தான் என்று உன்னைக் கிண்டல் செய்வேன்.

உன் கடைசிப் பங்குனியில் ஓர் இரவு அங்கே மேகம் மூடியிருந்தது, பனி இறுகவில்லை. தெரிந்தும் போனீர்கள். மேல் காவல் சாவடியில் ஒருவனுக்கு மூச்சு முட்டியது, தூக்கி வர வேண்டும். மறுநாள் வானம் வெளுத்ததும் ஹெலிகாப்டர் வந்து அவனை இறக்கிவிட்டது. போன மாதம் கல்யாணப் பத்திரிகை அனுப்பியிருந்தான். நான் போகவில்லை. அவன்மேல் கோபப்படுவது நியாயமில்லைதான். ஆனாலும் கோபம் போகவில்லை.

பனிச்சரிவில் புதைந்த உன்னைத் தேடியவர்கள் சீக்கிரமே நிறுத்திவிட்டார்கள். சரிவின் மேலே இன்னும் பனி தொங்குகிறதாம். வெயில் ஏறி உருகினால்தான் உன்னை எடுக்க முடியும் என்று அதிகாரி நம் நைனாவிடம் போனில் மரியாதையாகச் சொன்னார்.

ஆயுளெல்லாம் முருகனிடம் மழை கேட்ட நைனா, அந்த வருஷம் மலையேறி வெயில் கேட்டார். கே.ஜி.கண்டிகையில் நம் கொல்லையில் வேர்க்கடலை வாடிக் கிடந்தது. டீக்கடையில் பக்கத்துக் கொல்லைக்காரர், "ரெண்டு தூறல் போட்டா பொழச்சிக்கும்ண்ணே" என்றார். "ஒரு சொட்டு விழக் கூடாது" என்று நைனா அவர் சட்டையைப் பிடித்துவிட்டார்.

"நம்ம வெயிலு அங்க போய்ச் சேராது நைனா" என்றேன்.

"சூரியன் ஒண்ணுதானேம்மா" என்றார்.

ஆனிக் கடைசியில் நீ வந்தாய். பெட்டியைத் திறந்தபோது உன் முகம் மாறவே இல்லை. பனி உன்னை அப்படியே வைத்திருந்தது. கூட வந்த ஜவான் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "சீக்கிரம் எடுத்துடுங்க. இந்த வெயிலுக்குத் தாங்காதுங்க."

நைனா தோளிலிருந்த துண்டை எடுத்தார். இரண்டு கையாலும் விரித்து, உன் முகத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றார். துண்டுக்கு அடியில் குனிந்து உன் கன்னத்தைத் தொட்டேன். பார்த்து முடிப்பதற்குள் தூக்கிவிட்டார்கள்.

பார்த்து முடிக்காத அந்த முகத்தைத்தான் இன்னும் வைத்துக்கொண்டிருக்கிறேன்.