நிழலில் நின்றவர்களும் ஆட்கள்தான்

அன்புள்ள பெரியவனுக்கு, அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் முட்டிவலி எங்களைவிடச் சுகம். நீ, மருமகள், என் பேத்தி மூவரும் சுகமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் சரிம்மா சரிம்மா என்று பேச்சை மாற்றிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

நம் தெரு பஸ் நிறுத்தத்தை எடுக்கப் போகிறார்கள். கம்பத்தில் கேமரா மாட்டி, செயற்கை அறிவை விட்டு எண்ணச் சொன்னார்களாம், இங்கே யாருமே காத்திருப்பதில்லை என்று அது சொல்லிவிட்டதாம். கூரையில்லாத நிறுத்தத்தில் வெயிலில் எவன் நிற்பான், நீ பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே எதிரே தையல்காரர் கடை நிழலில் நின்று, பஸ் தலை தெரிந்ததும் ஓடித்தானே ஏறுகிறோம். அத்தனை மூளையுள்ள யந்திரத்துக்கு இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கக் கழுத்து இல்லை. பெரிய ரோடு வரை அப்பாவால் நடக்க முடியுமா, நிறுத்தம் போனால் ஆஸ்பத்திரி போச்சு, பிறகு வீட்டைப் பூட்டிக்கொண்டு உன்னிடம் வர வேண்டியதுதான்.

கூட்டம் போட்டார்கள். மிஷின் எண்ணினது இருக்கட்டும் தம்பி, எங்களை யாரு கேட்டா என்று எழுந்தேன். இன்ஜினியர் தம்பி திரையைத் தட்டிப் பார்த்துவிட்டு, மாநகராட்சி ஆப்பில் கேட்டோமே பாட்டி, உங்க வீட்டிலிருந்துதான் முதல் சம்மதமே வந்திருக்கு என்றார். தெருவே என்னைப் பார்த்தது. என்னக்கா, எங்களை உசுப்பிவிட்டுட்டு நீங்க தலையாட்டிட்டீங்களா என்று தையல்காரர் மனைவி கேட்டாள். வீட்டு வரி கட்ட வசதி என்று அந்த ஆப்பை உன் போனில்தானே போட்டாய். நிறுத்தம் போனால் அம்மா தானாகக் கிளம்பி வருவாள் என்று கணக்குப் போட்டிருக்கிறாய். அஞ்சாவதுதான் படித்தேன், ஆனால் அஞ்சாவதில் கணக்கில் நான்தான் முதல்.

இப்போது காலையில் தெருவே கேமராவுக்கு நேரே வெயிலில் நிற்கிறோம். தையல்காரர் மிஷினையே தூக்கிவந்து போட்டுத் தைக்கிறார். குடை பிடித்தால் ஆளாக எண்ணாது என்று யாரோ சொன்னார்கள், அதனால் உன் அம்மா குடையை மடக்கி அக்குளில் வைத்துக்கொண்டு முதல் ஆளாக நிற்கிறாள், பேத்தியிடம் சொல். பிரஷர் மாத்திரை போடுகிறேன், அந்தப் பேச்சை எடுக்காதே.

அந்தச் சம்மதத்தை மாதக் கடைசிக்குள் மாற்றலாமாம், போட்ட போனிலிருந்துதான் மாற்ற முடியுமாம். அழுத்திய விரலாலேயே எடு. காரணம் கேட்டால் அம்மா நிற்கிறாள் என்று போடு. எடுக்காவிட்டாலும் நிற்பேன். லீவுக்கு வரும்போது நீ அந்த நிறுத்தத்தில்தான் இறங்குவாய்.

வேளைக்குச் சாப்பிடுங்கள், மூவரும் நூறு வயது இருங்கள். மாதக் கடைசி, மறக்காதே.

இப்படிக்கு,
இன்னும் சம்மதம் சொல்லாத
உன் அம்மா