தானாக ஆடிய பென்சில்

14 ஒக்டோபர் 2008, செவ்வாய்

காலை வானம் தெளிவு. கடல் பக்கத்திலிருந்து ஈரக்காற்று. பின்னேரம் இடி வரலாம். (மழை அளந்த உத்தியோகம். ஓய்வு பெற்ற பிறகும் வானத்தை எழுதாமல் பேனா ஓடாது.)

மகன் சுதனின் லப்டொப்பில் கோளாறு. வழக்கம்போல் ஆறு மணிக்குப் போட்டேன். பதினொரு மணியளவில் பார்த்தால் எழுதும் கட்டத்துக்குள் கே, கே, கே என்று ஒரே எழுத்து வரிவரியாக ஓடுகிறது. முதலில் என் பிழை என்றே நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அந்தக் கீ கீழே இறங்கி இறுகிவிட்டது. நகத்தால் கிளப்பினேன். வரவில்லை.

துடைத்துக்கொண்டிருக்கும்போதே லண்டனிலிருந்து நிரோஜா போனில். மகனுக்கு நிச்சயித்த பெண். மூச்சு வாங்குகிறது பிள்ளைக்கு.

"மாமா, சுதன் வந்திட்டாரோ?"

"ஏன் பிள்ளை?"

"எழுதுறார் மாமா! பென்சில் ஆடுது. இப்பவும் ஆடுது!"

ஒரு பக்கத்தில் எழுதினால் மறுபக்கத்தில் சின்னப் பென்சில் படம் ஆடுமாம். எனக்கு இது தெரியாது. அவன் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி வரும் என்பது மட்டும் தெரியும். சென்ற வருடம் ஆடியில் வேலைக்குப் போனவனை நுகேகொடையில் யாரோ வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. அதன் பிறகு தினமும் நான்தான் போடுகிறேன். ஏதாவது தெரிந்தவர்கள் அதில் எழுதக்கூடும் என்று. கதைக்கும் பக்கம் அவன் விட்டுப்போனபடியே நிரோஜாவின் பெயரில் திறக்கும்.

"கீ இறுகிப்போச்சு, பிள்ளை. வேறை ஒண்டுமில்லை."

"ஓம் மாமா. வேலைக்கு நேரமாச்சு."

நாலு மணிக்கு இடி. நல்ல மழை.

15, புதன்

மப்பு. மின்சாரம் இருமுறை போய் வந்தது.

செய்ய வேண்டியவை: புவனத்தின் பிரஷர் குளிசை. குழாய் வாசர். கீபோர்ட் திருத்தும் கடை விசாரிக்க.

மூன்றாவதற்குப் புவனம் சம்மதமில்லை. "தானா எழுதுதெண்டால் சும்மா எழுதுமோ? நீங்கள் எல்லாத்துக்கும் ஒரு கணக்குச் சொல்லுவியள்." அவன் பெயரில் அர்ச்சனை செய்யக் கோயிலுக்குப் போய்விட்டாள். நாற்பது வருட இல்லறத்தில் அவளோடு வாதாடி வென்றதில்லை. இந்த முறை வெல்ல விருப்பமும் இல்லை.

பின்னேரம் நிரோஜா: "மாமா, அதைத் திருத்தாதேங்கோ. கொஞ்ச நாளைக்கு விடுங்கோ."

"ஏன் பிள்ளை, அது வெறும்..."

"தெரியும். வெறும் கீதான். நேற்று வேலைக்குப் போகேல்லை. பாத்துக்கொண்டே இருந்தனான்."

அவளுடைய தாய் போனை வாங்கினா. இவ்வளவு காலமும் ஒரு கடுஞ்சொல் சொல்லாத மனுசி.

"அண்ணை, கோவிக்காதேங்கோ. இவளுக்கு முப்பத்தொண்டு. ரெண்டு நல்ல இடம் வந்து திரும்பிப்போட்டுது. உங்கட பக்கத்தில அந்தப் பச்சை எரியும் மட்டும் இவள் ஒருத்தரையும் பாக்க மாட்டாள். இப்ப பென்சிலும் ஆடுது. நான் என்ன செய்ய? நீங்களே சொல்லுங்கோ."

பின்னால் நிரோஜா, "அம்மா, வையுங்கோ போனை!"

அந்தப் பச்சையை விளக்குப்போல ஏற்றி வைத்தேன் என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு பிள்ளையை அங்கே கட்டிப்போட்டிருக்கிறேன்.

16, வியாழன்

வெயில். புழுக்கம். துணி காயவில்லை.

புவனம் சமையலில் இருக்கும்போது லப்டொப்பின் முன்னால் இருந்தேன். ஒரு யோசனை. அவன் எழுதுவதுபோல நானே இரண்டு சொல் எழுதினால் என்ன? 'எனக்காகக் காத்திருக்காதே.' அவன் பெயரில்தான் போகும். நான்தான் என்று அவளுக்குத் தெரியும். என்றாலும் அந்தப் பெயரில் வந்த சொல் அல்லவா.

எழுதினேன். நடுவே கே, கே என்று புகுந்துகொண்டே இருந்தது. ஒவ்வொன்றாக அழித்தேன். அனுப்பும் கீயில் விரல்.

அவன் எங்கோ உயிரோடு இருந்தால்? அவன் வாயில் நான் இந்தச் சொல்லை வைக்கலாமா? இல்லையென்றால்... அந்த வரியை இங்கே எழுத மாட்டேன்.

முழுவதையும் அழித்தேன். நான் எழுதி அழித்த நேரமெல்லாம் அங்கே பென்சில், யாரோ யோசித்து எழுதுவதுபோல, நின்று நின்று ஆடியிருக்கும். இது பிறகுதான் உறைத்தது. மடையன்.

17, வெள்ளி

காலை தூறல். புவனம் கோயிலுக்குப் போன நேரம் லப்டொப்பைத் துவாயில் சுற்றி மழைப் பைக்குள் வைத்துத் தெஹிவளை பஸ் எடுத்தேன்.

சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். துவாயை அவிழ்த்த சிப்பாய்க்கு என் மகனின் வயதுதான் இருக்கும். "மேக்க காகெத?" யாருடையது என்கிறான். மகனுடையது என்றால் மகன் எங்கே என்று கேட்பான்.

"மகே," என்றேன். என்னுடையது.

விட்டுவிட்டான்.

கடைக்காரர் சிங்களவர், நடுவயது, நல்ல மனிதர். கீபோர்டைக் கழற்றிக் கவிழ்த்துத் தட்டினார். சாம்பல் நிறத் தூள் கொட்டியது. உப்பீரத்தில் கட்டிபட்டுக் கீக்களின் அடியில் சீமெந்துபோல ஒட்டியிருக்கிறது.

"அங்கிள், சிகரட் பொனவத?" சிகரட் குடிப்பீர்களா என்று கேட்டார்.

அப்போதுதான் விளங்கியது. சரஸ்வதி பூசைக்குப் புவனம் புத்தகங்களோடு இதையும் கும்பத்தடியில் திறந்து வைத்தாள். படித்த பிள்ளையின் சாமான் என்று. திருநீறு தூவினாள், சந்தனம் தெளித்தாள். ஒன்பது நாளும்.

"ஓவ்," என்று தலையாட்டினேன். வாழ்நாளில் ஒரு சிகரட் தொட்டதில்லை. இந்த வயதில் விட்டுவிடுவது நல்லது என்று சிங்களத்தில் அன்பாகப் புத்தி சொன்னார். கேட்டுக்கொண்டேன்.

கீபோர்ட் முழுவதும் மாற்ற வேண்டியதாயிற்று. பழையதைக் கேட்டு வாங்கினேன். சில எழுத்துக்கள் அவன் விரல் பட்டுத் தேய்ந்திருக்கின்றன.

வீட்டில் புவனம்: "என்னவாம்?"

"கடற்காத்து. உப்புப் பிடிச்சிட்டுதாம்."

"நான் தினமும் துடைக்கிறனானே," என்று அழுதாள்.

18, சனி

காற்றில்லை. கடல் எண்ணெய்போல.

லப்டொப்பைப் போடாமல் முதலில் நிரோஜாவுக்குப் போன் எடுத்தேன். சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதி வைத்திருந்தும் வாசிக்க முடியவில்லை.

"திருத்தியாச்சு, பிள்ளை. இனி நான் அதைப் போட மாட்டன்."

"ஏன் மாமா? அவர் இல்லையெண்டு சொல்லுறீங்களோ?"

"அப்பிடிச் சொல்லேல்லை."

"அப்ப?"

"அந்தப் பச்சை அவன் இல்லை, பிள்ளை. நான். ஒவ்வொரு நாளும் காலமை நான்தான்."

"தெரியும் மாமா." அழுகிறாள். "உங்கட ஆறு மணி எண்டால் இங்க இரவு ஒண்டரை. அது வந்தாப் பிறகுதான் படுக்கிறனான்."

பதினைந்து மாதமாக. வேலைக்குப் போகிற பிள்ளை.

"ஒருக்காப் போடுங்கோ மாமா. கடைசியா. நான் அவருக்கு எழுதோணும்."

போட்டேன். எங்கள் பக்கத்தில் பென்சில் ஆடத் தொடங்கியது. ஆடுவதை நான் இன்றுதான் பார்க்கிறேன். புவனம் பின்னால் வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நெடுநேரம் ஆடியது. நின்றது. மறுபடி ஆடியது. பிறகு அவள் பெயரிலிருந்த பச்சை அணைந்தது. ஒரு எழுத்தும் வந்து சேரவில்லை.

மூடி, அலுமாரியில் அவன் சேட்டுகளோடு வைத்தேன்.

19, ஞாயிறு

மந்தாரம். கிழக்கே மின்னல்.

ஆறு மணிக்கே விழிப்பு. மேசை வெறுமை. கதிரையில் சும்மா இருந்தேன்.

புவனம் தேத்தண்ணீரோடு வந்தாள். "இண்டைக்குப் போடேல்லையோ?"

"சத்தம் போடாதை," என்றேன். "லண்டனில பிள்ளை இப்ப படுத்திருக்கும்."