கொடிக்கம்பி

14-10-96, திங்கள்

கோயம்புத்தூரிலிருந்து லாரியில் மெஷின் வந்து இறங்கிவிட்டது. பிளாஸ்மாவாம். காற்றையும் கரண்டையும் சேர்த்து ஊதினால் விரற்கடை கனத்து இரும்பு நுங்கு சீவுகிற மாதிரி அறுந்து விழுமாம். என் வீட்டுக்காரரும் பட்டறைப் பங்காளி வைகுண்டராஜ் அண்ணாச்சியும் அதைச் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். நான் தள்ளியே நின்றேன்.

"வெல்டிங் மெஷினைவிட இதுல கரண்டு எம்புட்டு கூட?" என்று கேட்டேன்.

"அதுல எழுபது, எம்பது வோல்ட்டு. இதுல முன்னூறு கிட்ட வரும்ட்டி!"

இவருக்குப் பெருமை வேறு! மம்சாபுரத்தில் கிணற்று மோட்டார்க் கரண்டு என் அண்ணன் நேசையனைக் கொண்டுபோய் இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் என் அடுப்படிக்குப் பின்னாலேயே இது.

16-10-96, புதன்

துணி காயப்போடும்போது கொடிக்கம்பி கடித்தது. புதிதில்லை. பட்டறையில் வெல்டிங் வைத்தால் ஈரத்துணியோடு தொடும்போது சுருக்கென்னும். கல்யாணமாகி வந்த புதிதில் இவரிடம் சொன்னேன். "செருப்பப் போட்டுக்கிட்டு காயப்போடு" என்றார். அன்றிலிருந்து செருப்போடுதான்.

இன்றைக்குத்தான் அந்தக் கம்பி எங்கே போகிறது என்று நிதானமாகப் பார்த்தேன். கொல்லை வேப்பமரத்திலிருந்து பட்டறையின் இரும்புத் தூணுக்கு. அதே தூணில்தான் உள்பக்கம், வெல்டிங் கரண்டு திரும்பிப் போகிற எர்த் கிளிப்பைக் கவ்வ விட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு வேலைக்கும் கழற்றி மாட்ட அலுப்பு. தூணோடு சேர்த்து இரும்பு மேஜையைப் பற்றவைத்துவிட்டார்கள். மேஜைமேல் எதை வைத்தாலும் வேலை நடக்கும். என் துணிக்கும் அவர்கள் வெல்டிங்குக்கும் அந்த ஒரே தூண்.

எழுபதுக்கே இந்தக் கடி. முந்நூறு?

17-10-96

கண்ணை மூடினால் அண்ணனின் கை தெரிகிறது. கறுத்துப்போன கை.

18-10-96, வெள்ளி

சொன்னேன். இவர் சிரித்தார். "ஏட்டி, நீ காக்கா ஒக்காந்த வயரப் பாத்தாலே பயப்படுவ."

போய்யா! குறடை எடுத்துக் கம்பியை நானே அறுத்துப்போட்டேன். தூணில் சுற்றிய முனையை மட்டும் அவிழ்க்க முடியவில்லை. தேங்காய்நார்க் கயிற்றை இழுத்து, தூணை விட்டுத் தள்ளி முருங்கையில் கட்டினேன். கயிறு தொய்ந்து சேலை மண்ணில் புரள்கிறது. புரளட்டும்.

அண்ணாச்சி இவரிடம் கேலி: "ஏலே வில்சா, நாம ஆயுதபூசைக்குத்தான் மெஷின ஓட்டப்போறோம். தங்கச்சி இப்பமே வெட்டி தொறப்பு விழா நடத்திட்டாளே!"

20-10-96, ஞாயிறு

கோயிலில் பாஸ்டர் என்ன பிரசங்கம் பண்ணினார் என்று கேட்டால் தெரியாது. திரும்பி வந்தால் மெஷினுக்குச் சந்தனம், குங்குமம், மாலை. கம்பெனி ஃபிட்டர் வந்திருந்தார். அறுக்கிற தகட்டிலேயே கிளிப்பைக் கவ்வவிட்டார். "தூணுல மாட்டவே கூடாதுங்க. மெஷின்ல கசியற கரண்டு மண்ணுல எறங்க எர்த் குழியும் உடனே தோண்டிருங்க" என்றார். இரண்டு பேரும் நன்றாக மண்டையை ஆட்டினார்கள்.

சுவிட்சைப் போட்டதும் உஸ்ஸென்று ஒரு சத்தம், நீலமாய் ஒரு வெளிச்சம். பயத்தில் சுவரைப் பிடித்தேன். தகரச் சுவர் என்று ஞாபகம் வந்து கையை உதறிக்கொண்டேன். ஒன்றும் ஆகவில்லை. எல்லாரும் கேசரி சாப்பிட்டார்கள். நான் என் பங்கை மூடி வைத்துவிட்டேன்.

24-10-96, வியாழன்

ஃபிட்டர் ஊருக்குப் போய்விட்டார். கிளிப் மறுபடி தூணுக்குப் போய்விட்டது.

சண்டை போட்டேன். "பன்னெண்டு வருசமா தூணுதான் தாயி. என்ன ஆயிட்டு?" என்கிறார் அண்ணாச்சி. குழி தீபாவளிக்குப் பொறவாம். தளவாய்புரத்துக்காரருக்குக் கேட் முடித்துக் கொடுக்கணுமாம்.

"ஆகட்டும்னு காத்துக்கிட்டு இருக்கியளா?" என்று கத்திவிட்டேன். இவர் என்னை முறைத்தார். அடுப்படிக்கு வந்து அழுதேன். இவருக்கு ஏதாவது ஆனால் நான் எங்கே போவேன்? கர்த்தாவே.

29-10-96, செவ்வாய்

எழுத வரவில்லை.

மத்தியானம் திடீரென்று மழை. உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. துணியை எடுக்க ஓடினேன் — கயிற்றில் கை வைத்தேன் — பக்கத்து வீட்டு வெள்ளைத்தாய் அக்காவின் ஆடு தாழ்வாரத்தில் ஒதுங்கித் தூணோடு ஒட்டி நின்றது. ஒரே ஒரு சத்தம். அவ்வளவுதான். கால் விறைத்து விழுந்துவிட்டது.

நான் போட்ட கூச்சலில் மெஷினை நிறுத்திவிட்டு இவர் ஓடி வந்தார். ஆட்டைப் பார்த்தார். கயிற்றைப் பிடித்திருந்த என் ஈரக் கையைப் பார்த்தார். தூணில் மிச்சமாய்த் தொங்கிய கம்பியைப் பார்த்தார். அப்படியே சகதியில் உட்கார்ந்துவிட்டார்.

30-10-96

வெள்ளைத்தாய் அக்கா பிள்ளையைப் பறிகொடுத்தவள் மாதிரி அழுகிறாள். வேறு ஆடு பிடித்துத் தருகிறோம் என்றிருக்கிறார்கள். அண்ணாச்சி மழையில் நனைந்துகொண்டே எர்த் குழி தோண்டினார். கரியும் உப்பும் கொட்டி மூடியாயிற்று. இவர் சாப்பிடவில்லை. 'நீ சொன்னது சரிதான் தங்கம்' என்று ஒரு வாய்வார்த்தை? மூச்!

4-11-96, திங்கள்

கிளிப் இப்போது தகட்டில்தான். ஆனாலும் சுவிட்சைப் போடுமுன் இவர் ஒவ்வொரு தடவையும் கூப்பிடுகிறார். "தங்கம், எங்கன இருக்க?" அடுப்படியில் என்று சொன்ன பிறகுதான் போடுகிறார். பால் பொங்கும்போதும் பதில் சொல்லியாக வேண்டும்.

8-11-96, வெள்ளி

மாவு திரிக்கப் போனேன், யாரிடமும் சொல்லாமல். மில்லில் தீபாவளிக் கூட்டம். திரும்பி வந்தால் பட்டறையில் சத்தமே இல்லை. கேட் வாங்க வந்த தளவாய்புரத்துக்காரர் வாசலில் கைகட்டி நிற்கிறார்.

"நல்லா வந்த தாயி!" என்றார் அண்ணாச்சி. "நீ எங்கனன்னு தெரியாம சுவிட்சத் தொடவிட மாட்டேங்கான். எம்புட்டு நேரம்!"

இவர் சுவிட்ச் போர்டை மறைத்துக்கொண்டு நின்றார். முகமெல்லாம் வேர்வை.

"எங்கட்டி போன? சொல்லிட்டுப் போகக்கூடாதா?"

திட்டத்தான் நினைத்தேன். முடியவில்லை. மாவுத் தூக்கோடு அடுப்படிக்குப் போய், அங்கிருந்து சத்தமாகச் சொன்னேன்.

"இங்கனதான் இருக்கேன். போடுங்க."

இவர் அடுப்படி வாசலில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போன பிறகுதான் மெஷின் ஓடியது.