கார் வர எழும்பி நின்றவர்கள்

17-2-74, ஞாயிறு

கார் வந்துவிட்டது. ஓடி வரவில்லை, யாழ்ப்பாணத்திலிருந்து லொறியில் கட்டி இழுத்து வந்தோம். ஒஸ்ரின் ஸ்ரேஷன் வாகன், ஐம்பதாம் ஆண்டு மொடல். தீவில் இப்படி ஒன்று வேறில்லை. பின்பக்கத்து மரச்சட்டம் உப்புக்காற்றில் பாதி இற்றுப்போயிருக்கிறது. மீனலோசனி வாசல் படலையில் நின்று பார்த்துவிட்டு, "இதுக்கை ஆர் இருக்கிறது, நாங்களோ கோழியளோ?" என்றாள். என் மனைவியின் வாய் அப்படி. புதுக் கார் இறக்குமதி இல்லாத இந்தக் காலத்தில் எனக்கு இதுதான் புதுக் கார். மலைநாட்டில் ஒரு தோட்டத்துத் துரை ஓடியது என்று தரகர் சொன்னார். நாளைக்குக் கந்தோரில் கூட வேலை செய்பவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

24-2-74

சில்வெஸ்ரர் வந்து பார்த்தார். ஊர்காவற்றுறையில் லோஞ்ச் படகு எஞ்சின் திருத்துபவர், கார் வேலையும் தெரியும். காரைக் கண்டதும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். மரியாதை தெரிந்த மனிதர்.

"ஐயா இந்தக் காரையோ வாங்கினது?"

"ஓம். துரையின்ர கார்."

பொனற்றைத் திறந்து எஞ்சினைப் பார்க்கத் தொடங்கினார். எஞ்சின் அவர் பாடு, மரமும் பெயின்றும் என் பாடு.

30-3-74

இற்ற சட்டங்களைக் கழற்றி வேம்பில் புதிதாகப் போட்டாயிற்று. கறுப்புப் பெயின்றைச் சுரண்டிக் கை கொப்பளித்துவிட்டது. திரும்பவும் கறுப்பே அடிக்கப்போகிறேன், அதுதான் எடுப்பு. பின்னால் தரையில் இரண்டு வரிசை இரும்பு உருளைகள் இருக்கின்றன. பாரமான பெட்டிகளைத் தள்ளி ஏற்றுவதற்காம். துரைமாரின் மூளையே தனி. பிள்ளைகள் அதன்மேல் பலகையை வைத்துச் சறுக்கி விளையாடுகிறார்கள்.

11-5-74

ஓடியது! வேலணைச் சந்தி வரைக்கும் போய்த் திரும்பினோம். மீனலோசனி முன் சீற்றில் இருந்தாள். கோழிப் பேச்சு இல்லை.

20-5-74

முதல் தடவையாகக் காரில் கந்தோருக்குப் போனேன். இதை எழுதாமல் நித்திரை வராது. ஊர்காவற்றுறைக் கரையில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர்கள் என் காரைக் கண்டதும் எழும்பினார்கள். ஒருவர் இருவரல்ல, எல்லோரும். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்தபடி கார் கடக்குமட்டும் நின்றார்கள். பதினெட்டு வருடம் சைக்கிளில் அதே தெருவால் போன கிளாக்கர் விநாயகமூர்த்தியை ஒரு நாய்கூடத் திரும்பிப் பார்த்ததில்லை. நானும் மந்திரிமார் போல ஒரு கையை உயர்த்திக் காட்டினேன்.

சில்வெஸ்ரரின் தாயார் ஞானசவுந்தரி வீட்டு வாசலில் நின்றார். எண்பது வயதிருக்கும். காரை நிறுத்தினேன். கார்க் கதவைத் தொட்டு அந்த விரல்களை முத்தமிட்டார். "நல்ல வடிவாச் செய்துபோட்டியள், ராசா" என்றார்.

3-7-74

நயினாதீவுத் தேர். குறிகாட்டுவான் துறை வரைக்கும் காரில் போய் அங்கிருந்து லோஞ்ச். அம்மனுக்கு என்று கட்டிய அரிசி, பழம், பூமாலை எல்லாம் பின்னால் உருளைகளின் மேல். துறையில் சனம் காரைச் சுற்றி நின்று பார்த்தது. "துரையின்ர கார்" என்று நாலு பேருக்குச் சொன்னேன். மீனலோசனியும் இரண்டு பேருக்குச் சொன்னாள்.

14-7-74

எப்படி எழுதுவேன்.

பிறேக் பார்க்க வந்த சில்வெஸ்ரரிடம் பெருமையாகச் சொன்னேன்: உங்கட ஆக்கள் எனக்கு நல்ல மரியாதை தருகினம். அவர் கீழே படுத்தபடியே சொன்னார்: "அது ஐயா, பெட்டிக் காருக்கு ஆரும் குந்தியிருக்க மாட்டினம்."

என்ன பெட்டி?

யாழ்ப்பாணத்தில் ஒரு சவப்பெட்டிக் கடையின் கார் இது. தீவுப் பக்கத்துக் கிறிஸ்தவச் செத்தவீட்டுக்கெல்லாம் பன்னிரண்டு பதின்மூன்று வருடம் வந்த கார்; எங்கள் பக்கத்தில் பாடைதான், நான் கண்டதில்லை. அந்த உருளைகள் சவப்பெட்டி தள்ளி ஏற்ற. "என்னைப் பெத்த அப்பு போனதும் இதிலதான். கடலில போன எங்கட அண்ணையும். துரையின்ர கார் எண்டு ஐயா சொன்னது அதுக்கு முந்தின கதை, மிச்சமும் தெரியும் எண்டல்லோ நினைச்சனான்." இப்போது அது என் கார் என்று எல்லோருக்கும் தெரியுமாம். என்றாலும் தங்கள் ஆட்கள் போன காருக்கு முன்னால் குந்தியிருக்க மனம் வராதாம். ஞானசவுந்தரி ஆச்சியும் தன்னை இதில்தான் கொண்டுபோக வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறாவாம்.

அவர்கள் செத்தவர்களுக்கு எழும்பி நிற்க, நான் கையை ஆட்டிக்கொண்டு போயிருக்கிறேன். ஒரு நாளா இரண்டு நாளா! சீ.

15-7-74

அம்மன் சாமானை அந்த உருளையில் அல்லவா வைத்தோம். விடிய எழும்பி மஞ்சள் தண்ணீர் கரைத்துக் காருக்குள் தெளித்தேன். மீனலோசனி கண்டுவிட்டாள். "காருக்கென்ன, சாமத்தியச் சடங்கோ?" என்று சிரித்தாள். பூச்சிக்கு என்றேன். சொன்னால் அவள் இனி ஏறமாட்டாள். கந்தோரில் தெரிந்தால் "துரை செத்திட்டாரோ?" என்று கேட்டே கொன்றுவிடுவார்கள். உருளைகளைக் கழற்றி வீட்டுப் பின்கோடிக்குள் போட்டுவிட்டேன்.

22-11-74, வெள்ளி

மூன்று நாளாக விடாத மழை. பின்னேரம் சில்வெஸ்ரர் நனைந்துகொண்டு வந்தார். தாயார் விடியப்புறம் மோசம் போய்விட்டாவாம். நாளைக்கு அடக்கம். கோவிலடித் தெருவில் முழங்காலளவு வெள்ளம், வேறு கார்க்காரர் ஒருவரும் வரமாட்டோம் என்றுவிட்டார்கள். "வீட்டில இருந்து கோவில், பிறகு சவக்காலை. அவ்வளவுதான் ஐயா. அம்மாவும் ஆசைப்பட்டவ."

நான் குசினிப் பக்கம் பார்த்தேன். மீனலோசனி உள்ளே நின்றாள். வாய் தன்பாட்டில் சொன்னது: "கார் ஓடாது. பற்றறி இறங்கிப்போச்சு."

அந்தப் பற்றறியைப் போன கிழமை போட்டவரே அவர்தான்.

முகத்து மழைத்தண்ணீரைத் துடைத்தார். பிறகு, "சரி ஐயா. செத்தவீடு முடியட்டும், வந்து பாக்கிறன்" என்று சொல்லிவிட்டு மழைக்குள் போனார். திருப்பிக் கூப்பிட்டிருக்கலாம். படலை சாத்தின சத்தம் கேட்குமட்டும் நேரம் இருந்தது. ஏன் கூப்பிடேல்லை? எனக்கென்ன பிடிச்சது?

அதே இரவு

மீனலோசனி விடவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன், மஞ்சள் தண்ணீர் வரைக்கும். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"செத்தவீட்டுத் துடக்கு எண்டால் தலை தோய்ஞ்சால் போச்சு. அந்த மனிசன்ர முகத்தைப் பாத்தனீங்களோ?"

"பாத்தனான்."

"பாத்துக்கொண்டோ சொன்னனீங்கள்?"

23-11-74

அவள் பஸ்ஸில் செத்தவீட்டுக்குப் போனாள். விடியவே போய்க் காரை எடுக்க நினைத்தேன். கார்த் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு மத்தியானம் வரை விறாந்தையில் இருந்தேன். பற்றறி இறங்கின காரை எந்த முகத்தோடு ஓட்டிக்கொண்டு போவது? ஒரு பொய்யைக் காப்பாற்ற அந்த ஆச்சியைத் தெருவில் விட்டேன்.

அவள் நனைந்து திரும்பி வந்து சொன்னாள்: ஆறு பேர் தோளில் காவினார்களாம். கோவிலடியில் முன்னால் காவியவர் வழுக்க, பெட்டியின் தலைமாடு தண்ணீரில் முட்டியதாம். சில்வெஸ்ரர் போட்டிருந்த சேட்டைக் கழற்றிப் பெட்டியைத் துடைத்தாராம்.

இரவு சாப்பிடவில்லை.

1-12-74, ஞாயிறு

சில்வெஸ்ரர் வந்தார். சொன்னபடி பற்றறி பார்க்க. கையில் கறுப்புப் பட்டி. பொனற்றைத் திறந்து தண்ணீர் பார்த்தார், வயர்களை இறுக்கினார். உள்ளே ஏறித் திறப்பைத் திருப்ப, ஒரே அடியில் ஸ்ராட் வந்தது.

"நல்லாத்தான் கிடக்கு ஐயா" என்றார்.

காசு வேண்டாம் என்றுவிட்டார். "சில்வெஸ்ரர், நான்..." என்று தொடங்கினேன். "கை கழுவக் கொஞ்சம் தண்ணி தாங்கோ" என்றார். ஊற்றினேன். தொப்பியை அவர் கடைசி வரைக்கும் கழற்றவில்லை.

15-12-74

கோடிக்குள் கிடந்த உருளைகளைத் துருத் தேய்த்து, எண்ணெய் போட்டுத் திரும்பவும் பூட்டினேன். இனிச் செத்தவீட்டுக்கு ஆர் கேட்டாலும் காரோடு நான் போவேன் என்று சில்வெஸ்ரரிடம் சொல்லச் சொல்லி மீனலோசனியிடம் சொன்னேன். "நீங்களே போய்ச் சொல்லுங்கோ" என்றாள். போனேன். கேட்டுக்கொண்டிருந்தார். "சரி ஐயா" என்றார். அன்றைக்குச் சொன்ன அதே "சரி ஐயா."

19-1-75

கரையில் மூன்று நாளுக்கு முன் ஒரு செத்தவீடு. தோளில் காவிக்கொண்டு போனார்களாம். எனக்கு ஆள் அனுப்பவில்லை.

இன்று மீனலோசனியோடு மீன் வாங்க ஊர்காவற்றுறைக்குப் போனேன். கரையில் பத்துப் பதினைந்து பேர் வலை பொத்திக்கொண்டிருந்தார்கள். காரை மெல்ல ஓட்டினேன்.

"ஏன் ஊருறியள்?" என்றாள்.

"சும்மா."

கார் வருவதை அவர்கள் கண்டார்கள். ஒருவரும் எழும்பவில்லை.